லாகின் செய்ததும் தானாகத் திறக்கும் வெப் ஆப்: ஒரு மருத்துவமனையின் நர்ஸ் ஸ்டேஷன்களில் நடந்தது

பின்னணி

தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில் இருக்கும் நடுத்தர அளவு தனியார் மருத்துவமனை. லேப் தரைத்தளத்தில், வார்டுகள் மேல் மாடிகளில். ரத்தப் பரிசோதனையில் ஆபத்தான அளவு எது வந்தாலும் லேப் அதை உடனே வார்டுக்குச் சொல்ல வேண்டும், சொன்னதைப் பதிவும் செய்ய வேண்டும். மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிடும் என்ஏபிஎச் அங்கீகாரம் கேட்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று. கணினிப் பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும் சிறிய குழுவாக நாங்கள் இதில் ஈடுபட்டோம்.

முன்பு இதெல்லாம் இன்டர்காமில் நடந்தது. ராத்திரி ஷிப்டில் சிஸ்டர் ஏதாவது ஒரு படுக்கை அருகே இருப்பார். ஸ்டேஷனில் போன் அடித்து அடித்து ஓய்ந்துவிடும். அதனால்தான் லேப் மென்பொருள் நிறுவனத்திடமிருந்தே ஓர் எச்சரிக்கைப் பலகையும் வாங்கப்பட்டது. பலகை என்று பெயரே தவிர அது ஒரு வலைப்பக்கம். பிரவுசரில் அதைத் திறந்து வைத்திருந்தால், கிரிட்டிகல் வேல்யூ (ஆபத்தான அளவு) வந்ததும் படுக்கை எண் சிவப்பில் வரும், மணி அடிக்கும், சிஸ்டர் ‘பார்த்தேன்’ பொத்தானை அழுத்தும்வரை நிற்காது.

திறந்து வைத்திருந்தால். அந்த நிபந்தனையை யார் பார்த்துக்கொள்வது என்று வாங்கும்போது எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

நிகழ்ந்தது

மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுப்பதற்குள் இரண்டாம் மாடி ஸ்டேஷனின் யூபிஎஸ் கைவிட்டது, பேட்டரி பழையது. கணினி அணைந்து மறுபடி ஆன் ஆனது. சிஸ்டர் லாகின் செய்தார், மருந்து இன்டென்ட் (வார்டுக்கான மருந்துக் கோரிக்கை) போட வேண்டியிருந்ததால் அந்த மென்பொருளைத் திறந்து வேலையைத் தொடர்ந்தார். எச்சரிக்கைப் பக்கத்தைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த வார்டில் இருந்த ஒரு சிறுநீரக நோயாளியின் பொட்டாசியம் 6.8 என்று வந்தது. இயல்பான அளவு லிட்டருக்கு ஏறக்குறைய 3.5 முதல் 5 மில்லிமோல் வரைதான். 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். லேப் திரை ‘அனுப்பப்பட்டது’ என்று காட்டியது, டெக்னீஷியன் அடுத்த மாதிரிக்குப் போய்விட்டார். முக்கால் மணி நேரம் கழித்து, ‘பார்த்தேன்’ இன்னும் வரவில்லையே என்று தற்செயலாகக் கண்ணில் பட்டு அவரே இன்டர்காமில் கூப்பிட்டார். டூட்டி டாக்டர் இசிஜி எடுத்துப் பார்த்துக் கால்சியம் குளுக்கோனேட்டும் அதன் பின் இன்சுலின், குளுக்கோஸும் கொடுக்கச் சொன்னார். நோயாளிக்குப் பாதிப்பு ஏதும் ஏற்படவில்லை.

மறுநாள் கூட்டத்தில் நர்சிங் கண்காணிப்பாளர் கேட்டது ஒன்றே ஒன்று. “கம்ப்யூட்டர் ஆன் ஆனா அது தானா வரணும் சார். எங்க பிள்ளைங்க ஞாபகம் வெச்சுத் திறக்கணும்னு ஏன் இருக்கு?”

கவனித்தவை

எதையும் மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய்ப் பார்த்தோம். ஒரு ஸ்டேஷனில் பக்கமே திறக்கப்படவில்லை. இன்னொன்றில் பத்துப் பன்னிரண்டு டேப்களுக்கு நடுவே கிடந்தது. 4 ஜிபி நினைவகமுள்ள பழைய கணினி என்பதால், நெடுநேரம் தொடாத டேப்களை ஓரங்கட்டும் குரோமின் மெமரி சேவர் அதையும் உறங்க வைத்திருந்தது. மூன்றாவதில் பக்கம் திறந்திருந்தது, ஆனால் மினிமைஸ் செய்யப்பட்டிருந்தது.

இந்த மூன்றாவது நிலையைத்தான் எல்லோரும் ‘சரியாக இருக்கிறது’ என்று நினைத்திருந்தார்கள். அது சரியில்லை. பக்கம் 15 விநாடிக்கு ஒருமுறை சர்வரிடம் ‘புதிதாக ஏதாவது உண்டா’ என்று கேட்கும்படி எழுதப்பட்டிருந்தது. 2021-இல் வந்த 88-ஆம் பதிப்பிலிருந்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தின் இத்தகைய டைமர்களை குரோம் நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓட விடுகிறது. பேட்டரியும் பிராசஸரும் வீணாகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. செய்தித்தளம் ஒன்றுக்கு நல்லதுதான். எச்சரிக்கைப் பலகைக்கு நல்லதல்ல.

நான்காவது ஸ்டேஷனில் பக்கம் முன்னால், பெரிதாக, பளிச்சென்று தெரிந்தது. அது லாகின் பக்கம். பயனரின் அமர்வு பன்னிரண்டு மணி நேரத்தில் காலாவதியாகும்படி வைக்கப்பட்டிருந்ததால், எப்போதோ வெளியேறிப் பாஸ்வேர்டு கேட்டபடி நின்றிருந்தது. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஆப் திறந்துதான் இருக்கிறது என்று தோன்றும்.

ஆக, சிஸ்டர் மறந்தார் என்பது பிரச்சினையின் ஒரு துண்டு மட்டுமே.

எடுத்துப் பார்த்த வழிகளும் முடிவும்

விண்டோஸின் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் அந்த இணைய முகவரிக்கு ஒரு ஷார்ட்கட் போட்டுவிடலாம் என்பது முதல் யோசனை. ஐந்து நிமிட வேலை. ஆனால் அது சாதாரண டேபாகத் திறக்கும். பயனர் ஒரு கிளிக்காவது செய்யாத பக்கம் தானாக ஒலி எழுப்புவதை குரோம் பொதுவாகத் தடுக்கிறது. தானாகத் திறந்த பக்கத்தில் யாரும் கை வைக்காவிட்டால் மணி அடிக்காமல் போகலாம். மெமரி சேவர் தொல்லையும் அப்படியே இருக்கும்.

பிரவுசர் அமைப்புகளில் தொடக்கப் பக்கமாக வைப்பது இரண்டாவது. பிரவுசரை யாராவது திறந்தால்தான் அது வேலை செய்யும் என்பதால் உடனே கைவிட்டோம்.

தனி டெஸ்க்டாப் மென்பொருள் வேண்டும் என்று நிறுவனத்திடம் கேட்டபோது பல மாதங்கள் ஆகும் என்றார்கள்.

மிஞ்சியது, அதே பக்கத்தை வெப் ஆப்பாக, அதாவது தனி மென்பொருள் போலத் தன் சொந்த ஜன்னலில் திறக்கும்படி நிறுவி, லாகின் செய்ததும் தொடங்க வைப்பது. விண்டோஸில் குரோம் வழியாக வெப் ஆப்களைத் தனி ஜன்னலாக நிறுவும் வசதி 2018-இலிருந்து, அதாவது 70-ஆம் பதிப்பிலிருந்து உண்டு. பின்னர் வந்த பதிப்புகளில், நிறுவிய ஆப்களின் பக்கத்துக்குப் போய் வலது கிளிக் செய்தால் கணினியில் நுழையும்போது இதைத் தொடங்கு என்ற தெரிவும் கிடைக்கிறது. எட்ஜ் பிரவுசரில் நிறுவிய உடனேயே அந்தக் கேள்வி வந்துவிடும். இதைத் தேர்ந்தெடுத்தால் பின்னணியில் மாயம் ஒன்றும் நடப்பதில்லை: விண்டோஸில் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் ஒரு ஷார்ட்கட் உருவாகும், லினக்ஸில் ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டரில் ஒரு கோப்பு, மேக்கில் லாகின் ஐட்டங்களில் ஒரு வரி. ஒரு வலைத்தளம் தானாகவே தன்னை இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள முடியாது. பயனர் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நிர்வாகி சொல்ல வேண்டும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் காலையில் கணினியைத் திறந்ததும் ஊரில் உள்ள தளமெல்லாம் வரிசை கட்டி வரும்.

இந்த வழியைத் தேர்ந்ததற்கு முக்கியக் காரணம் ஒலி. கணினியில் முறையாக நிறுவப்பட்ட வெப் ஆப்புக்கு, கிளிக் இல்லாமலே ஒலி எழுப்பும் உரிமையை குரோம் தருகிறது. தனி ஜன்னல் என்பதால் டேப் குவியலுக்குள் புதையாது என்பது அடுத்த காரணம்.

முதல் கட்டம்: கையால் நிறுவியது

சம்பவம் நடந்த இரண்டாம் மாடியில் மட்டும் முதலில் செய்தோம். மறுநாளே ஒரு விஷயம் தெரிந்தது. அங்கே ஒவ்வொரு சிஸ்டருக்கும் தனித்தனி விண்டோஸ் கணக்கு. வெப் ஆப்போ பிரவுசர் ப்ரொஃபைலுக்குள், அதாவது ஒருவருக்கே உரிய பிரவுசர் அமைப்புகளுக்குள் நிறுவப்படும் பொருள். காலை ஷிப்ட் சிஸ்டரின் கணக்கில் நிறுவியது மதிய ஷிப்ட் சிஸ்டருக்கு இல்லை. ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொருவர் கணக்கிலும் நுழைந்து கையால் செய்வது நடக்கிற காரியமல்ல.

அதே வாரத்தில் மறுபடி கரண்ட் போய் வந்தது. இந்தக் கணினியில் எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) போட்டிருந்ததால் அது சீக்கிரம் எழுந்துகொண்டது. மாடியில் இருந்த வைஃபை ரவுட்டர் அதைவிட மெதுவாக எழுந்தது. ஆப் தானாகத் திறந்தது, நெட் இல்லை என்ற அறிவிப்பைக் காட்டியது, அப்படியே நின்றது. நெட் வந்த பிறகும் யாராவது ரிஃப்ரெஷ் செய்யும்வரை அது அசையவில்லை. தானாகத் திறக்கும் எந்த வெப் ஆப்புக்கும் இது பொதுவான சிக்கல். கையால் திறக்கிறவர் பிழையைப் பார்த்து மறுபடி முயல்வார். தானாகத் திறப்பதற்கு அப்படி யாரும் இல்லை.

இரண்டாம் கட்டம்: பாலிசி

குரோமில் நிர்வாகிகளுக்கான இரண்டு பாலிசிகளை, அதாவது பயனரைக் கேட்காமல் நிர்வாகி வைக்கும் அமைப்புகளை, எடுத்துக்கொண்டோம். வெப்ஆப் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட் என்பது குறிப்பிட்ட ஆப்பைக் கட்டாயமாக நிறுவும். பயனர் நீக்க முடியாது. வெப்ஆப் செட்டிங்ஸ் என்பது அந்த ஆப்பின் நடத்தையைத் தீர்மானிக்கும். அதில் லாகினில் தொடங்குவதைப் பயனர் விருப்பத்துக்கு விடலாம், தடுக்கலாம், அல்லது கட்டாயம் ஜன்னலாகத் திறக்க வைக்கலாம். மூன்றாவதை வைத்தோம். கணினி அளவில் போட்டதால் எல்லாக் கணக்குகளுக்கும் பொருந்தும் என்று எதிர்பார்த்தோம்.

பெரும்பாலும் பொருந்தியது. ஆனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு சிஸ்டர் முதல்முறை லாகின் செய்தபோது ஒன்றும் திறக்கவில்லை. யோசித்தால் புரிகிறது: பாலிசியைப் படித்து ஆப்பை நிறுவி ஷார்ட்கட் போடுவது குரோம். அந்தக் கணக்கில் குரோம் ஒருமுறையாவது ஓடியிருக்க வேண்டும். ஓடாத கணக்கில் தொடங்குவதற்கு ஒன்றுமே இல்லை.

இன்னொரு ஸ்டேஷனில் பாலிசி சரியாக இருந்தும் ஆப் வரவில்லை. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் யாரோ அதை முடக்கியிருந்தார்கள். அங்கே முடக்கினால் ஷார்ட்கட் அதே இடத்தில் இருந்தாலும் விண்டோஸ் அதைத் தாண்டிப் போய்விடும். யார் செய்தது என்று விசாரிக்க வேண்டாம் என்று கண்காணிப்பாளரே சொல்லிவிட்டார். கணினி மெதுவாகிறது என்று முடக்கியிருப்பார்கள். அந்தக் கணினி மெதுவானதுதான். பிரிண்டர் உதவி நிரல், பழைய அப்டேட்டர், வீடியோ கால் மென்பொருள் என்று வேண்டாதவை எல்லாம் லாகினில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்துவிட்டு, எச்சரிக்கை ஆப்பை மட்டும் விட்டோம். அப்புறம் அந்தப் புகார் வரவில்லை.

மூன்றாம் கட்டம்: லாகின் எப்போது நடக்கிறது

இந்த ஆய்வில் அதிகம் சொல்ல வேண்டியது இதைத்தான்.

வார்டு 24 மணி நேரமும் ஓடுகிறது. ஷிப்ட் மாறும்போது சிஸ்டர்கள் லாக் அவுட் செய்வதில்லை. திரையைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள், அல்லது அது தானே பத்து நிமிடத்தில் பூட்டிக்கொள்கிறது. பூட்டைத் திறப்பது விண்டோஸைப் பொறுத்தவரை புதிய லாகின் அல்ல. ஸ்டார்ட்அப்பில் உள்ள எதுவும் அப்போது ஓடாது. காலை பதினொரு மணிக்கு யாராவது எச்சரிக்கை ஜன்னலின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்திவிட்டால், அடுத்த லாகின்வரை அது திரும்பாது. அந்த அடுத்த லாகின் மறுநாள் இருக்கலாம், அடுத்த வாரமும் இருக்கலாம். அலுவலகத்தில் காலையில் வந்து லாகின் செய்து மாலையில் அணைத்துவிட்டுப் போகிறவர்களை மனதில் வைத்து வந்த வசதி, வார்டில் கரண்ட் போனால் மட்டும் வேலை செய்தது.

தனித்தனிக் கணக்குகள் இன்னொரு குழப்பத்தையும் கொண்டுவந்தன. பூட்டிய திரையில் அடுத்த சிஸ்டர் தன் கணக்கில் நுழைந்தால், முந்தைய சிஸ்டரின் அமர்வு பின்னால் உயிரோடு இருக்கும். அதற்குள் எச்சரிக்கை ஆப்பும் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் பார்க்காத திரையில்.

இதற்காக எடுத்த முடிவுகள் எளிதாக ஒப்புக்கொள்ளப்படவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரே விண்டோஸ் கணக்கு என்றோம். யார் என்ன செய்தார் என்ற பதிவு போய்விடுமே என்று தர மேலாளர் எதிர்த்தார். நியாயமான எதிர்ப்பு. எனவே அடையாளத்தை விண்டோஸிலிருந்து ஆப்புக்குள் மாற்றினோம்: ‘பார்த்தேன்’ அழுத்தும்போது சிஸ்டர் தன் நான்கு இலக்க எண்ணைப் போட வேண்டும். மருத்துவமனை மென்பொருளில் தனி லாகின் ஏற்கெனவே இருந்தது, அது அப்படியே தொடர்ந்தது. பலகைக்கான அனுமதி அந்தக் கணினிக்கே கொடுக்கப்பட்டதால் பன்னிரண்டு மணி நேரக் காலாவதி ஒழிந்தது, லாகின் பக்கம் வந்து நிற்பதும் ஒழிந்தது. பதிலுக்கு, பலகையில் நோயாளியின் பெயர் காட்டுவதை நிறுத்தினோம். எப்போதும் திறந்திருக்கும் திரையை நோயாளிகளோடு வருகிறவர்களும் பார்ப்பார்கள். படுக்கை எண்ணும் பரிசோதனையின் பெயரும் போதும்.

பூட்டுத் திறப்புக்கு விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரை (குறித்த நேரத்தில் அல்லது நிகழ்வில் ஒரு நிரலை ஓட்டும் கருவி) பயன்படுத்தினோம். லாகினில் என்பதோடு, பூட்டைத் திறக்கும்போது என்ற தூண்டலும் அதில் உண்டு. லாகினுக்கு மட்டும் ஒரு நிமிடத் தாமதம் வைத்தோம், ரவுட்டர் எழட்டும் என்று. முதல் நாள் ஒரு ஸ்டேஷனில் ஏழெட்டு எச்சரிக்கை ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒவ்வொரு பூட்டுத் திறப்புக்கும் ஒன்று. மணி அடித்தபோது எல்லாம் சேர்ந்து அடித்தன, மேல் மாடிவரை கேட்டதாம். இதற்குத் தீர்வு ஆப்பின் மேனிஃபெஸ்டில், அதாவது ஆப்பின் பெயர், தொடக்க முகவரி போன்றவற்றை பிரவுசருக்குச் சொல்லும் கோப்பில் இருந்தது: லாஞ்ச் ஹேண்ட்லர் என்ற பகுதியில், ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னலையே முன்னால் கொண்டுவா என்று சொல்லலாம். 2023-இல் வந்த குரோம் 110 முதல் அது உண்டு. மென்பொருள் நிறுவனம் ஒரே நாளில் சேர்த்துக் கொடுத்தது.

டாஸ்க் ஷெட்யூலரில் இன்னொரு சின்ன விஷயம். கணினி மின்சாரத்தில் இருந்தால்தான் ஓடு என்ற குறி புதிய டாஸ்க் ஒவ்வொன்றிலும் இயல்பாகவே போடப்பட்டிருக்கும். டெஸ்க்டாப்புக்கு அது பொருட்டல்ல என்று தோன்றும். ஆனால் யுஎஸ்பி கம்பி வழியாக இணைத்த யூபிஎஸ்ஸை விண்டோஸ் பேட்டரியாகப் பார்க்கிறது. கரண்ட் இல்லாத நேரத்தில், சரியாகத் தேவைப்படும் நேரத்தில், டாஸ்க் ஓடாமல் போகும். அந்தக் குறியை எடுத்தோம்.

அதன் பின் நடந்தது

மென்பொருள் நிறுவனம் இரண்டு பெரிய மாற்றங்களைச் செய்தது. பக்கம் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, வெப்சாக்கெட் (எப்போதும் திறந்திருக்கும் இணைப்பு) வழியாக சர்வரே செய்தியைத் தள்ளும்படி மாற்றியது. அது டைமரை நம்பி இல்லாததால் மறைந்த ஜன்னலிலும் தாமதமாவதில்லை. நெட் இல்லாமல் திறந்தாலும், இணைப்பு கிடைக்கும்வரை தானே முயலும்.

இரண்டாவது மாற்றம் லேப் பக்கம். ஒவ்வொரு ஸ்டேஷனும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று சொல்லும். இரண்டு நிமிடம் சொல்லாவிட்டால் லேப் திரையில் அந்த வார்டின் பெயர் சிவப்பாகும். டெக்னீஷியன் நேரே இன்டர்காமை எடுப்பார். ‘அனுப்பப்பட்டது’ என்ற பழைய சொல்லும் எடுக்கப்பட்டது. இப்போது ‘ஸ்டேஷனில் காட்டப்பட்டது’, ‘சிஸ்டர் பார்த்தார்’ என்று இரண்டு நிலைகள். இது வந்த பிறகு முதல்முறையாக ஒரு வார்டு சிவப்பானபோது காரணம் ஆப்பே அல்ல. தரை துடைக்கும்போது கேபிள் கழன்றிருந்தது.

சில மாதங்கள் கழித்து, புதிதாக வாங்கிய கணினிகளில் மட்டும் ஆப் தொடங்கவில்லை. பழையவற்றில் எந்தக் கோளாறும் இல்லை. தேடியதில், நிறுவனம் ஒரு அப்டேட்டில் தொடக்க முகவரியின் பின்னால் ஒரு குறிப்பைச் சேர்த்திருந்தது தெரிந்தது. மேனிஃபெஸ்டில் தனி ஐடி கொடுக்காவிட்டால் தொடக்க முகவரியையே ஆப்பின் அடையாளமாக குரோம் எடுத்துக்கொள்ளும். முகவரி மாறினால் அது வேறு ஆப். பழைய கணினிகளில் பழைய ஆப் தொடர்ந்தது. புதியவற்றில் நிறுவப்பட்ட ஆப்பை எங்கள் பாலிசியும் டாஸ்க்கும் அடையாளம் காணவில்லை. பழைய முகவரியையே நிலையான ஐடியாக மேனிஃபெஸ்டில் எழுதச் சொன்னோம். சரியாகிவிட்டது.

மாற்றிச் செய்வதானால்

லேப் திரையில் ஸ்டேஷன்களின் நிலையைக் காட்டுவதை முதலில் செய்திருக்க வேண்டும். தானாகத் தொடங்குவது இரண்டாவதாக வந்திருக்கலாம். எது திறந்திருக்கிறது என்று தெரியாத நிலையில் எதைத் திறக்க வைத்தாலும் அது நம்பிக்கையில்தான் ஓடும். பாலிசி போடுவதற்கு முன்பே மேனிஃபெஸ்டில் ஐடி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ரவுட்டருக்கும் சுவிட்ச்சுக்கும் தனி யூபிஎஸ் கொடுத்திருந்தால் முதல் கட்டத்தின் பாதித் தலைவலி வந்திருக்காது, இப்போது கொடுத்தாயிற்று.

கேஷுவாலிட்டியில் மேசைக் கணினிக்குப் பதிலாக ஆண்ட்ராய்டு டேப்லெட் வைக்க நிர்வாகம் விரும்புகிறது. அதில் நிறுவிய வெப் ஆப்பை டேப்லெட் ஆன் ஆனதும் தொடங்க வைக்கும் தெரிவு குரோமில் இல்லை. கியோஸ்க் முறையில் (ஒரே ஆப் மட்டும் ஓடும்படி) பூட்டி வைக்கும் மேலாண்மை மென்பொருள் வேண்டும். அதற்கான விலைப்புள்ளி கேட்டிருக்கிறோம். அதுவரை கேஷுவாலிட்டிக்கு லேப் இன்டர்காமில்தான் சொல்கிறது.